பத்தாவது மாடி பால்கனியில் மரம் நிற்குமா?

கேள்வி: நாகர்கோவிலை ஒட்டி, கடலிலிருந்து மூன்று கிலோமீட்டரில் 12 மாடிக் குடியிருப்பு வரப்போகிறது. பால்கனிக்குப் பால்கனி மரம் நிற்பதுபோல் படம் காட்டி, ‘எதிர்கால வீடு’ என்கிறார்கள். பத்தாவது மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாமா?
— வாசகர், வடசேரி

பதில்: பணம் கட்டுவதற்கு முன், கட்டுகிற நிறுவனத்தின் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரோடு (கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடுபவர்) அரை மணி நேரம் உட்காருங்கள். விற்பனைக்காரரிடம் கேட்டால் அதே படத்தைத்தான் திரும்பக் காட்டுவார்.

இந்த மாதிரிக் கட்டடங்களில் பேர்போனது மிலான் நகரில் 2014-இல் திறந்த போஸ்கோ வெர்டிகாலே. ஸ்டெஃபானோ போயரி வடிவமைத்த இரட்டைக் கோபுரம். சுமார் 800 மரங்கள். மரம் காற்றைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதித்து, வேர்ப்பகுதியைப் பிணைத்துத்தான் வைத்தார்கள். இத்தனைக்கும் மிலான் காற்று குறைந்த ஊர். நமக்கோ ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டேகால் மடங்காகும். 2017 ஒக்கிப் புயலில் ரப்பரும் வாழையும் முறிந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே முதல் கேள்வி: மரத்தை எதில், எப்படிக் கட்டப்போகிறீர்கள்?

அடுத்தது எடை. வீட்டு பால்கனியை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 300 கிலோ அளவுக்குத்தான் கணக்கிடுவார்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் போட்டு மழையில் ஊறவிட்டால் அதுவே 1,800 கிலோவைத் தொடும். தளத்தை முதலிலேயே இதற்கென்று வடிவமைத்திருக்க வேண்டும்; பிறகு சேர்க்கிற சமாச்சாரம் இல்லை இது. நமக்கு இரண்டு பருவமழை வேறு. மரத்தொட்டியில் சேரும் மழைத் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக இறங்கும் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு மரத்தைவிட உப்புக்காற்றுதான் பெரிய கவலை. கடலோரக் கட்டடங்களில் பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள்: பூச்சு செதிள் செதிளாகக் கழன்று, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கும். கடலோரச் சூழலுக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கேட்பது குறைந்தது எம்30 என்ற வலுத் தரத்தில் காங்கிரீட், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட்டின் கனம். சாதாரண வீட்டுத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கவர் கட்டை (அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை) வைத்துப் பழகிய கை, இங்கேயும் அதையே வைத்துவிடும். அவர்கள் வேலை நடக்கிற வேறு சைட்டுக்குப் போய், காங்கிரீட் போடும் முன் கட்டையை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பார்க்க விடவில்லையா, அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம் பராமரிப்பு. மிலானில் மரங்கள் வீட்டுக்காரர் பொறுப்பில் இல்லை. கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் வந்து கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். சீனாவின் செங்டூவில் இதேபோல் கட்டிய குடியிருப்பில் செடி காடாக மண்டி, கொசுவுக்குப் பயந்து பலர் குடிவரவே இல்லை. மாதப் பராமரிப்புத் தொகையில் மரத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, தீயணைப்புத் துறையின் சான்று, லிஃப்டுக்கு ஜெனரேட்டர், இரண்டு படிக்கட்டு: இவை மரம் இல்லாத கட்டடத்துக்கும் வேண்டியவை.

சரி, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்துவிட்டது என்றால் முன்பணம் கட்டலாம். அப்போதும் மேற்குப் பார்த்த பால்கனி வேண்டாம். தென்மேற்குச் சாரல் நேராக ஹாலுக்குள் வரும்.