மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் யார்?

கேள்வி: எனக்கு 12 வயதிலிருந்து வலிப்பு உண்டு. தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டு வந்தேன். சில மாதங்களாகப் படுத்திருக்கும்போதே மேலே எழும்பிப் போவது போல இருக்கிறது. கூரைக்குப் பக்கத்திலிருந்து என் கால்களை நானே பார்க்கிறேன். சில விடியற்காலைகளில் கறுப்பாக ஏதோ நெஞ்சில் உட்கார்ந்து அமுக்குகிறது. உடம்பை விட்டு வெளியே போய்வரும் சூட்சுமப் பயண வகுப்பு நடத்தும் ஒருவர், "உங்கள் சூட்சும சரீரம் விழித்துக்கொண்டது, மாத்திரைதான் அதைக் கட்டிப் போடுகிறது" என்கிறார். நெஞ்சில் உட்காருவது கீழுலகத்து ஆவியாம். விரட்ட 15,000 ரூபாய் கேட்கிறார். 10 நாளாக மாத்திரை சாப்பிடவில்லை. என் மனைவி எல்லாம் பிரமை என்கிறாள். யார் சொல்வது சரி?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. ஆனால் அந்தப் பேச்சு அப்புறம். இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதலில் உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 10 நாள் விட்டுவிட்டேன், மறுபடி எந்த அளவில் ஆரம்பிப்பது என்று கேளுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னவருக்கு இது தெரியாது என்றால் அவர் இந்த வேலைக்கு வந்திருக்கக் கூடாது. தெரிந்தே சொல்லியிருந்தால் அது குற்றம்.

பேசிவிட்டீர்களா? சரி, இப்போது உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் கணவர் சொல்வது கட்டுக்கதை இல்லை. 2002-இல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவர், வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய சோதனை செய்துகொண்டிருந்தார். வலப்பக்க மூளையில், காதுக்கு மேலே சற்றுப் பின்தள்ளி இருக்கும் ஓர் இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்ததும், படுக்கைக்குள் அமிழ்வது போல இருக்கிறது என்றார் அந்தப் பெண். கொஞ்சம் கூட்டியதும், மேலேயிருந்து தன்னையே பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் தெரிந்தது கால்களும் இடுப்புப் பக்கமும் மட்டும். உங்கள் கணவரின் கடிதத்திலும் கால்கள்தான் வருகின்றன. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கண், காது, தோல், தசை தரும் சேதிகளைச் சேர்த்து "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்வதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே தடுமாற்றம் வந்தால் "இங்கே" என்பது கூரைக்குப் போய்விடுகிறது. இவருக்கு நடப்பதும் வலிப்பின் இன்னொரு முகமாக இருக்கலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலிப்புதான் என்றால், மாத்திரையை விட்டால் இது கூடலாமே தவிரக் குறையாது.

சூட்சும உடம்பு இருக்கட்டும், தசையும் எலும்புமான இந்த ஸ்தூல உடம்புகூட நமக்கு நேரடியாகத் தெரிகிறது என்று நினைக்க வேண்டாம். 1998-இல் பாட்வினிக், கோஹன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையை மறைவில் வைத்து, கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருட வேண்டும். நான் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைக்குள் அரிசி அடைத்து, சாப்பாட்டு மேஜையில் செய்து பார்த்தேன். நடுவில் ஒரு அட்டை, வருடியது என் பேத்தி. சில நிமிடங்களில் அந்த மஞ்சள் கையுறையில் எனக்குக் கூசியது. அவள் திடீரென்று கரண்டியால் அதைத் தட்டியபோது என் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அரிசி மூட்டை என்று தெரிந்தும் இழுத்தேன்.

இனி அந்த நெஞ்சில் உட்காரும் கறுப்பு. நம் பாட்டிகள் இதை அமுக்குவான் என்றார்கள், தலைமாட்டில் இரும்பு வைத்தார்கள். கனவு வரும் தூக்கத்தில், நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் அந்தப் பூட்டு திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், விசிறி சுற்றுவது தெரியும், விரல் அசையாது. கனவின் மிச்சம் அறைக்குள் நிற்கும். ஜப்பானில் இதற்குக் கனாஷிபாரி என்று பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து உட்காருகிறாள். டென்மார்க்கையும் எகிப்தையும் ஒப்பிட்டு 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. ஜின் போன்றவற்றின் வேலை என்று பலர் நம்பும் எகிப்தில், செத்துவிடுவோம் என்ற பயம் அதிகம், அமுக்கம் நீடிக்கும் நேரமும் அதிகம். ஆக, நம்பிக்கை அனுபவத்துக்குப் பெயர் வைப்பதோடு நிற்பதில்லை, அதை நீட்டவும் செய்யலாம் என்று தோன்றுகிறது. கீழுலகத்து ஆவி என்று சொன்னவர் உங்கள் பயத்தைத்தான் பெரிதாக்கினார். பெரிதாக்கிவிட்டு விலையும் கேட்கிறார்.

சாவின் விளிம்புக்குப் போய் வந்தவர்களிடமும் இதே கதைதான். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிசாவும் அமெரிக்காவின் இயான் ஸ்டீவன்சனும் வட இந்தியாவில் அப்படிப்பட்ட 16 பேரைப் பற்றி 1986-இல் எழுதினார்கள். இருவரும் மறுபிறவியை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர்கள், கேலி செய்தவர்கள் அல்ல. நம் ஊர்க்காரரை எமதூதர்கள் இழுத்துப்போகிறார்கள், ஒருவர் ஏட்டைப் புரட்டுகிறார், "ஆள் மாறிவிட்டது, திருப்பி அனுப்பு" என்கிறார். அமெரிக்கர்கள் சொன்னவற்றில் இந்த ஆள்மாறாட்டமே இல்லை. அங்கே சித்திரகுப்தனை யாருக்கும் தெரியாது.

அப்படியானால் சூட்சும உலகமே இல்லையா என்று கேட்பீர்கள். திருமூலர் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கூரையிலிருந்து பார்ப்பதாகச் சொல்வதைச் சோதிக்க வழி உண்டு, செய்தும் இருக்கிறார்கள். சாம் பார்னியா என்ற மருத்துவரின் குழு 15 மருத்துவமனைகளில், மேலேயிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி அலமாரித் தட்டுகளில் படங்களை வைத்தது. இதயத் துடிப்பு நின்றுபோன 2,060 நிகழ்வுகளைக் கவனித்து 2014-இல் முடிவு வந்தது. பிழைத்தவர்களில் ஒருவர்கூட அந்தப் படங்களில் எதையும் சொல்லவில்லை. நீங்களும் பார்க்கலாம். உங்கள் மனைவி ஒரு தாளில் நாலு எண் எழுதி, உங்களுக்குக் காட்டாமல் பீரோ மேல் வைக்கட்டும். அடுத்த முறை மேலே போகும்போது படித்துவிட்டு வாருங்கள். வகுப்பு நடத்துபவரையும் அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள், அதற்கப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். எந்த நேரத்தில் வருகிறது, எத்தனை நிமிடம், பிறகு தலை வலிக்கிறதா என்று மனைவியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க இதில் எதுவுமில்லை. நீங்கள் முகவரி எழுதாமல் விட்டதால்தான் இங்கே பதில் எழுதுகிறேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.