பாம்புக்கடி, வலிப்பு, தீக்காயம்: வன்னித் தாதி ஒருவரின் பதில்கள்

வன்னியில் 27 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். நான் டொக்டர் இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் வரை வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொல்வேன். மருந்தின் அளவை என்னிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

விசுவமடு: அக்கா, வீட்டு முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?

கோஸ் துணி, பிளாஸ்ரர், கத்தரிக்கோல், கையுறை, டோர்ச், பனடோல், நாலைந்து ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பைக்கற் போதும். ஒரு பைக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து 24 மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், என்ன குளிசை, எது ஒத்துவராது என்று அதில் எழுதுங்கள். இரவில் ஓட்டோ கொண்டு வரக்கூடிய இரண்டு பேரின் இலக்கமும் இருக்கட்டும். அந்த இரண்டு பேரிடமும் இன்றைக்கே கதைத்து வையுங்கள்.

கிளிநொச்சி: வயலில் பாம்பு கடித்தால் எந்த இடத்தில் கட்ட வேண்டும்?

எந்த இடத்திலும் கட்டாதீர்கள். இறுக்கிக் கட்டினால் நிற்பது இரத்த ஓட்டம்தான். புடையன் (கண்ணாடி விரியன்) கடித்த கால் ஏற்கனவே வீங்கி, சதை கெட்டுக்கொண்டிருக்கும். கட்டினால் அந்தக் காலையே இழக்க நேரும். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள்.

கடிபட்டவரை ஓரிடத்தில் இருத்துங்கள். மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல், முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல் ஒரு தடியோடு சேர்த்துத் தளர்வாகச் சுற்றுங்கள். நடக்க விடாதீர்கள். கடித்த நேரத்தை எழுதுங்கள். மோட்டார் சைக்கிள்தான் வழி என்றால் அவரை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போங்கள்.

பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்போம். உறையாவிட்டால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது. நாங்கள் பாவிக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், புடையன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் சேர்த்துச் செய்தது.

கட்டு விரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் இரவில், நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவரைக் கடிக்கும். பலவேளை வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. ஒருமுறை விடியப்புறம் வயிற்றுவலி என்று ஒரு பிள்ளையைக் கொண்டு வந்தார்கள். வீட்டில் இஞ்சி அவித்துக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் பார்த்திருந்தார்கள். பிள்ளை எங்களைப் பார்க்கவே கண் இமையைத் தூக்க முடியாமல் இருந்தாள். அதைக் கண்டுதான் பாம்பு என்று எங்களுக்குப் பிடிபட்டது. மூச்சுக்கு மெசின் போட்டு, பல நாள் கழித்துப் பிழைத்தாள். நிலத்தில் படுத்தவருக்கு விடியும்போது வயிற்றுவலி, இமை சரிவு, விழுங்கக் கஷ்டம் இருந்தால் காயம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். புறப்படுங்கள். நிலத்தில் படுத்தாலும் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

பரந்தன்: விஷமுறிவு மருந்தை வாங்கி வீட்டில் வைக்கலாமா?

கூடாது. அந்த மருந்தே பலருக்கு ஒவ்வாமை தரும். பிரஷர் இறங்கும், மூச்சு முட்டும். அதைச் சமாளிக்க ஆளும் மருந்தும் உள்ள இடத்தில்தான் ஏற்ற வேண்டும்.

மல்லாவி: எங்கள் ஊர்ப் பரியாரியார் (நாட்டு வைத்தியர்) கடிவாயில் விஷக்கல் வைத்தே பலரைப் பிழைக்க வைத்திருக்கிறார். முதலில் அவரிடம் போவதில் என்ன பிழை?

விஷமில்லாத பாம்புகள்தான் அதிகம். விஷப் பாம்பும் சிலவேளை விஷத்தை இறக்காமல் கடிக்கும். அப்படிக் கடிபட்டவர் கல் வைத்தாலும் பிழைப்பார், வைக்காவிட்டாலும் பிழைப்பார். புடையன் விஷத்தை இறக்கியிருந்தால் பரியாரியாரிடம் போய்த் தாமதிக்கும் நேரத்தில் சிறுநீரகம் கெட்டுவிடலாம்.

ஒட்டுசுட்டான், ஓர் ஐயா: பிள்ளை, இப்படி ஒரேயடியாகச் சொல்லாதே. சண்டைக் காலத்தில் ரோட்டும் இல்லை, மருந்தும் இல்லை. அப்போது எங்களைப் பார்த்தது பரியாரியார்தான்.

உண்மை ஐயா. அந்த நாட்களில் நானும் இங்கேதான் இருந்தேன். மருந்து வராத கிழமைகளில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கு அவர் இராமுழுதும் பக்கத்தில் இருந்து பார்த்ததை ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு ரோட்டு இருக்கிறது, மருந்து இருக்கிறது.

அதே ஐயா: அப்ப அவரைத் தள்ளி வைக்கச் சொல்கிறாயா?

இல்லை ஐயா. கடிபட்டவர் வீட்டில் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான். ‘நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, நானும் வாறன்’ என்று அவர் ஒரு சொல் சொன்னால் ஊர் கேட்கும். நான் பத்துத் தரம் சொன்னாலும் அப்படிக் கேட்காது. நீங்கள் அவரிடம் கதைத்துப் பாருங்கள்.

மாங்குளம்: லேசாக, துணியால் கட்டினால் பரவாயில்லையா?

கட்டாதீர்கள்.

புதுக்குடியிருப்பு: தடியோடு சுற்றச் சொன்னீர்கள், பிறகு கட்டாதே என்கிறீர்கள்?

தடி, ஆட்டத்தை நிறுத்துவதற்கு. சுற்றிய துணிக்குள் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். இறுக்கும் கட்டு எதுவும் வேண்டாம். கட்டுவது பற்றி இதோடு போதும். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான்.

முழங்காவில்: வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா?

சாவி வலிப்பை நிறுத்தாது. வாயில் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள். சுற்றியுள்ள பொருட்களை அகற்றி, தலைக்கு அடியில் துவாயை மடித்து வையுங்கள். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

துணுக்காய்: எண்ணெய் சுட்டால் பற்பசை பூசலாமா?

வேண்டாம். 20 நிமிடம் குளிர்ந்த பைப் தண்ணீர் ஓடட்டும். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

முல்லைத்தீவு: பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து. போத்தலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தயவுசெய்து மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

வவுனிக்குளம்: அம்மாவின் சீனி வருத்தக் குளிசையைக் குறைக்கலாமா?

கிளினிக் கொப்பியோடு டொக்டரைக் கேளுங்கள்.

நெடுங்கேணி: 1990-க்கு அடித்தால் எங்கள் ஒழுங்கையை எப்படிச் சொல்வது? வீட்டு இலக்கமே இல்லை.

நல்ல கேள்வி. அந்த அம்புலன்ஸ் இலவசம், வடக்கிலும் 2018 முதல் ஓடுகிறது. பிரதான வீதியின் பெயர், பக்கத்துப் பள்ளிக்கூடம் அல்லது கோயில், அதிலிருந்து எந்தப் பக்கம் எத்தனையாவது ஒழுங்கை என்று இரண்டு வரி எழுதி முதலுதவிப் பெட்டி மூடியில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர் வழியும் வாயில் வராது. போனில் கதைப்பவர் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். ஒருவரை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள்.