கேளுங்கோ சொல்லுறன்: ஊத் வாத்தியமும் சாக்சபோனும்

கேள்வி: ஐயா, கனடாவில இருக்கிற பேரன் வாட்ஸ்அப்பில ஒரு வீடியோ அனுப்பினவன். மத்திய காலத்து யூத, அரபுப் பாட்டுகளை ஒரு ஜாஸ் குழு வாசிக்குது. அவை ரெண்டு பகுதியும் எப்பிடி ஒரே சங்கீதத்தில வந்தினம்? சில இடத்தில எங்கட ராகம் மாதிரியும் கேட்டுது, என்ர காதோ பிழை?
- ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை, கோண்டாவில்

பதில்: காது பிழையில்லை டீச்சர், அதுக்குப் பிறகு வாறன்.

இப்பத்தைய நியூஸை வைச்சுப் பாக்கிறபடியாத்தான் உங்களுக்கு இது புதினமாக் கிடக்கு. ஸ்பெயினில முஸ்லிம் ஆட்சி இருந்த காலத்தில அங்கத்தைய யூதர் கதைச்சது அரபு. 10ஆம் நூற்றாண்டில துனாஷ் பென் லப்ராத் எண்ட புலவர் அரபு யாப்பை எடுத்து எபிரேயத்தில பாட்டுக் கட்டினார், வெண்பா இலக்கணத்தில ஆரும் சிங்களத்தில பாடினமாதிரி எண்டு வையுங்கோவன். 1492இல யூதரை ஸ்பெயினால கலைக்க, மொரோக்கோ, துருக்கிப் பக்கம் போன சனத்தோட பாட்டும் போச்சு.

கைரோவில ஒரு பழைய யூத ஆலயம், அங்க கடவுள் பேர் எழுதின கடதாசியை எறியமாட்டினம், ஒரு அறைக்குள்ள போட்டு வைப்பினம் (புத்தகத்தில கால் பட்டா நாங்கள் கண்ணில ஒத்துறேல்லையோ, அந்தக் குணம்தான்). அந்தக் குவியலுக்குள்ள ஒபதியா எண்டவர் எழுதின ஸ்வரக் குறிப்பு கிடைச்சது. ஆள் இத்தாலியில பிறந்த கிறிஸ்தவர், 1102இல யூதரா மாறி, சிரியா, பக்தாத் எல்லாம் சுத்தி எகிப்துக்கு வந்தவர். எபிரேயப் பாட்டுக்கு எழுதின குறிப்பில இப்ப எங்களிட்ட இருக்கிற ஆகப் பழசு அவர் எழுதினதுதானாம். மிச்சமெல்லாம் காதால கேட்டு வாயால வந்தது, அதால ஆரும் "ஆயிரம் வருசப் பாட்டை அப்பிடியே வாசிக்கிறம்" எண்டா நான் பாதிதான் நம்புவன்.

ராகத்துக்கு வாறன். அவையின்ர மகாம் எங்கட ராகம் மாதிரித்தான். ஹிஜாஸ்கார் எண்ட மகாமின்ர ஏழு ஸ்வரமும் மாயாமாளவகௌளை, நீங்கள் எத்தினை பிள்ளையளுக்கு சரளி வரிசை சொல்லிக் குடுத்திருப்பியள், அதுதான் காதில பட்டிருக்கும். கமகம் வேற. தக்சீம் எண்டு, ஊத் எண்ட அரபு நரம்பு வாத்தியத்தைத் தனிய எடுத்து வாசிப்பினம், தாளமில்லாமல், எங்கட ஆலாபனை கணக்கா. ஜாஸ்காரருக்கும் மனோதர்மம்தான் சீவன், ஒட்டினது அந்த இடத்திலதான். 1958இலயே அஹ்மத் அப்துல் மாலிக் எண்ட, பாஸ் எண்ட பெரிய நரம்பு வாத்தியம் வாசிக்கிறவர் ஊத் வாத்தியத்தைக் கையில எடுத்து ஜாஸ் சஹாரா எண்டு இசைத்தட்டு போட்டவர். மொரோக்கோ யூதப் பாட்டை ஜாஸோட கேக்க ஆசையெண்டா ஒமர் அவிட்டாலின்ர நியூ ஜெருசலேம் ஓர்க்கெஸ்ட்ராவைத் தேடுங்கோ.

ஒரு கரைச்சல் இருக்கு. ராஸ்த், பயாத்தி மாதிரி மகாம்களில சில ஸ்வரம் பியானோவின்ர ரெண்டு கட்டைக்கு நடுவில நிக்கும். ஊத்தில வீணை மாதிரி மெட்டு இல்லை, விரல் வழுக்கிப் போய்ப் பிடிக்கும், பியானோ என்ன செய்யும்? நல்ல குழுவெண்டா அந்த இடத்தில பியானோ வாயை மூடும். விளங்காத குழுவெண்டா கோர்ட் எண்டு கன ஸ்வரத்தை ஒண்டா அமத்தி அந்த ஸ்வரத்தையே சாக்கொல்லும், கலியாணவீட்டில கீபோர்ட் போட்டு தோடி வாசிச்சவையை நான் கண்டனான்.

வீடியோவில ஊத் தனிய வாசிக்கிற இடத்தில நிப்பாட்டி, சுருதிப்பெட்டியில ஷட்ஜத்தைப் பிடிச்சுக்கொண்டு காந்தாரம் எங்க நிக்குதெண்டு பாடிப் பாருங்கோ. என்ன வந்ததெண்டு எனக்கும் எழுதுங்கோ டீச்சர்.