காவடி விரதத்தில் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: மொரீஷியஸில் காத்ர் போர்னில் வசிக்கிறோம். 24 வயது மகனுக்கு வலிப்பு நோய். லெவெடிராசெட்டாம் 500 மி.கி. காலையும் இரவும் போடுகிறான். 14 மாதமாக வலிப்பு வரவில்லை. இந்தத் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறான். விரத நாளில் மாத்திரை விழுங்கினால் விரதம் கெட்டுவிடும் என்கிறார் மாமியார். பத்து நாள்தானே, நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வேளைகூட விடக் கூடாது.

14 மாதம் வலிப்பு வராததால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாத்திரை அதை அடக்கி வைத்திருக்கிறது. இந்த மருந்து விழுங்கிய 6 முதல் 8 மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். ஓரிரு நாள் விட்டால் ஏறக்குறைய மிச்சமே இராது. திடீரென நிறுத்தும்போது நினைவு திரும்பாமலே அடுத்தடுத்து வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து. பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகுதான் நிறுத்துவது பற்றி மருத்துவர் யோசிப்பார், அதுவும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து.

சரி, விரதமே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. மரக்கறிச் சாப்பாட்டால் இந்த நோய்க்குக் கெடுதல் இல்லை. இந்த மாத்திரையை வெறும் வயிற்றிலும் போடலாம், ஒரு மிடறு தண்ணீர் போதும். (சில மருந்துகளின் கேப்சூல் உறை, விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். மாத்திரையிலும் அந்த அசைவம் இருக்குமோ என்று மாமியாருக்குச் சந்தேகம் இருந்தால், சாதாரண மாத்திரையில் பெரும்பாலும் அது இருக்காது.)

எனக்குப் பசியைவிடத் தூக்கம்தான் கவலை. காவடி ஜோடிக்கிறோம் என்று முந்தின இரவு முழுக்க விழித்திருப்பார்கள். அப்புறம் கோடை வெயிலில் நடை, மலைக்கோயில் என்றால் படி வேறு. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அவன் நேரத்துக்குத் தூங்கட்டும், ஜோடனையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அலகு மட்டும் வேண்டாம் என்பேன். வலிப்பில் தாடை இறுகும்; நாக்கிலும் கன்னத்திலும் வேல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பால்குடம் எடுக்கலாம். மௌன விரதம் இருந்தால், தலை ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லக்கூட முடியாது. அதற்கொரு கைச்சாடையைப் பேசி வையுங்கள்.

கூடவே ஒருவர் நடக்க வேண்டும். வலிப்பு வந்தால் காவடியை இறக்கி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். இரும்புச் சாவியைத் தேடாமல் கடிகாரத்தைப் பாருங்கள்: 5 நிமிடம் தாண்டினால் 114க்கு அழையுங்கள்.

கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள்.