காக்காவையும் கல்பாசியையும் ஒப்பிட முடியுமா?

பறவையோடு கல்பாசியை ஒப்பிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. காக்கா ஒற்றை உயிர். பிரியாணியில் போடும், ஒருபுறம் சாம்பலும் மறுபுறம் கறுப்புமான சருகுதான் கல்பாசி. அது செடியே இல்லை, லைக்கன். பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தரும், பாசி வெயிலில் சமைத்துப் போடும்.

காசிமேட்டில் மீன் குடலைக் கவ்விப் பறக்கும் காக்கா, புகை வந்தால் இடம் மாறிவிடும். கல்பாசிக்கு வேரும் இல்லை, இறக்கையும் இல்லை. ஈரம், சத்தெல்லாம் பெரும்பாலும் காற்றிலிருந்துதான். புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு வாயுவும் அப்படியே உள்ளே போய்ப் பாசியைக் கெடுக்கும். அதனால்தான் காற்றின் தரத்தை அறிய லைக்கன்களைப் பார்க்கிறார்கள். எண்ணூர் நிலக்கரிப் புகையிலும் காக்கா எப்படியோ பிழைத்துக்கொள்ளும். கல்பாசி மலைப்பக்கத்திலிருந்துதான் நம் அண்டாவுக்கு வர வேண்டும்.