போத்தல் ரொக்கெட் எவ்வளவு தள்ளுகிறது? கேட்டவர்களுக்குப் பதில்

தண்ணீர் கொஞ்சம் விட்டு, காற்றை அமுக்கி ஏற்றிப் பறக்கவிடும் சோடாப் போத்தல்தான் நீர் ரொக்கெட். அதில் சென்சர் வைத்து உந்துவிசை அளக்கும் பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் கனக்கச் சேர்ந்துவிட்டன, ஒரேயடியாகப் பதில் தருகிறேன்.

கல்முனையிலிருந்து: அண்ணா, எம்பியு6050 என்ற ஆர்முடுகல் சென்சர் வைத்து ஒன்றரை லீற்றர் போத்தலை விட்டோம். ஆர்முடுகல் வரைபின் உச்சி வெட்டின மாதிரித் தட்டையாக நிற்கிறது. சென்சர் பழுதா?

பழுதில்லை தம்பி, அதன் எல்லை 16 ஜீ (புவியீர்ப்பு ஆர்முடுகலின் 16 மடங்கு), நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். போத்தல் வாய் 21.5 மில்லிமீற்றர் என்றால் பரப்பு 3.6 சதுர சென்ரிமீற்றர். சைக்கிள் பம்பால் 60 பீஎஸ்ஐ ஏற்றினால் உந்துவிசை 2 × அமுக்கம் × பரப்பு, 300 நியூட்டனுக்குக் கிட்ட வரும். அரை லீற்றர் தண்ணீரோடு மொத்தம் 650 கிராம் என்று வைத்தால் கிளம்பும்போதே 47 ஜீ. அமுக்கம் இறங்குவதால் மறுகா குறையும் என்று நினைப்பீர்கள், ஆனால் திணிவு அதைவிட வேகமாகக் குறைகிறது, அதனால் தண்ணீர் முடியும் நேரத்தில்தான் உச்சம், 90 ஜீ பக்கம். 200 ஜீ வரை காட்டும் ஏடிஎக்ஸ்எல்375 வாங்குங்கள். இன்னொன்று, தண்ணீர் முழுக்க வெளியேற 0.06 செக்கன் காணும். செக்கனுக்கு 100 தடவை அளந்தால் ஆறு புள்ளிதான் கிடைக்கும், 1000க்குக் குறையாமல் வையுங்கள். எஸ்டி கார்ட் நின்று நின்று எழுதும், ஆகவே தரவை முதலில் போர்ட்டின் சொந்த நினைவகத்தில் (ராம்) வைத்து இறங்கின பிறகு கார்ட்டில் எழுதுங்கள்.

வந்தாறுமூலையிலிருந்து: சேர், சென்சர் வாசிப்பில் ஈர்ப்பைக் கூட்டுவதா, கழிப்பதா?

உந்துவிசைக்கு இரண்டும் வேண்டாம். தரையில் சும்மா நிற்கும்போதே அது 1 ஜீ காட்டுகிறதே, அது உணர்வது ஈர்ப்பை அல்ல, மற்ற விசைகளை. பறக்கும்போது வாசிப்பைத் திணிவால் பெருக்கினால் வருவது உந்துவிசை கழித்தல் வளித்தடை. வேகம் கணக்கிடும்போது மட்டும் ஈர்ப்பைக் கழியுங்கள்.

ஏறாவூரிலிருந்து: தண்ணீர் குறைந்துகொண்டே போகிறதே, எந்தத் திணிவால் பெருக்குவது?

நல்ல கேள்வி தங்கச்சி, பலரும் சராசரித் திணிவைப் போட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள், அது சரிவராது. முதலில் தண்ணீர் ஒரே சீராகக் குறைகிறது என்று வைத்து உந்துவிசையைக் கண்டுபிடியுங்கள். அப்புறம், நீர் வெளியேறும் வீதம் உந்துவிசையின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன் என்பதால், அந்தப்படி அரை லீற்றரைப் பிரித்துத் திணிவைத் திருத்தி மறுபடி கணியுங்கள். இரண்டு மூன்று சுற்றில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். இதுக்குத் தராசுதான் முக்கியம். சென்சருக்குக் காசு செலவழிப்பவர்கள் வெறும் போத்தலை நிறுக்காமல் வருகிறார்கள்!

அக்கரைப்பற்றிலிருந்து: எங்களிடம் அமுக்கச் சென்சர் பிஎம்பி280 மட்டும் உண்டு. அது காணாதா?

உயரத்துக்குக் காணும். நம் கரையோர வெக்கையில் 1 ஹெக்டோபாஸ்கல் குறைவது சுமார் 9 மீற்றர் உயரம். ஆனால் உயரத்திலிருந்து ஆர்முடுகலுக்குப் போக இரண்டு தடவை வகையிட வேண்டும், அதில் இரைச்சல் பெருகி 0.06 செக்கன் விசயமெல்லாம் காணாமல் போய்விடும். மற்றச் சென்சரின் கணக்கைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். சென்சர் இருக்கும் பெட்டியைச் சுற்றி மூன்று சின்னத் துளை போடுங்கள், ஒரே துளையென்றால் காற்று அடிக்கும் பக்கத்துக்கு ஏற்ப வாசிப்பு மாறும்.

கல்லடியிலிருந்து: கடற்கரையில் விடலாமா?

தரையிலிருந்து கடல் பக்கம் வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விட்டால் போத்தல் கடலுக்குள். அறுவடை முடிந்த வயலுக்குப் போங்கள்.

மண்டூரிலிருந்து: வெளிநாட்டில் மருந்து மோட்டர்களுக்கு (எரிமருந்து அடைத்த ரொக்கெட் மோட்டர்) ஏ, பி, சி என்று வகுப்பு இருக்கிறதாமே, எங்கள் போத்தல் எதில் சேரும்? மருந்து மோட்டரையும் இப்படி அளக்கலாமா?

அந்த எழுத்து மொத்தக் கணத்தாக்கை, அதாவது சராசரி உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவதைக் குறிக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் மேலெல்லை இரட்டிக்கும். சி என்றால் 5க்கு மேல் 10 நியூட்டன் செக்கன் வரை, டி 20 வரை. மேலே சொன்ன போத்தல் தண்ணீரால் மட்டும் 12 அளவில் தருகிறது, ஆக சோடாப் போத்தல் டி வகுப்பு! மருந்து மோட்டரை அனுமதியில்லாமல் செய்யவோ வைத்திருக்கவோ நினைக்காதீர்கள், செய்முறையும் என்னிடம் கேட்காதீர்கள். அளக்கும் முறையில் ஒரு வித்தியாசம் உண்டு. போத்தலின் 200, 300 நியூட்டனுக்கு முன் வளித்தடை இரண்டு நியூட்டன் அளவுதான், விட்டுவிடலாம். சின்ன மருந்து மோட்டரின் சராசரி உந்துவிசையே 6 நியூட்டன் போல, அங்கே விடமுடியாது. எரிந்து முடிந்தபின் ரொக்கெட் சும்மா மேலே போகும்போது சென்சர் காட்டுவது தனி வளித்தடைதான். அதைத் திணிவால் பெருக்கி, வேகத்தின் வர்க்கத்தால் வகுத்துக் குணகத்தை எடுத்து, எரியும் நேரத்து வாசிப்பைத் திணிவால் பெருக்கி வருவதோடு அந்தந்த வேகத்துக்குரிய தடையைக் கூட்டினால்தான் உந்துவிசை வரும்.