வழுக்கு மந்திரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் எழுதும் மாயக்கதையில் நாயகனுக்கு உராய்வைக் குறைக்கும் சக்தி உண்டு. செருப்பைத் தொட்டு மந்திரம் சொல்லி, ஏற்காட்டிலிருந்து அடிவாரம்வரை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சறுக்கியே கடக்கிறான். இதற்கு எவ்வளவு சக்தி செலவாகும்? செருப்பு அகலமானால் கூடுமா?

கே., அஸ்தம்பட்டி

அன்புள்ள கே.,

செலவுக் கணக்கு உங்கள் பாடு. மந்திரத்துக்கு மீட்டர் வைத்தவர் யாருமில்லை. அகலத்தையும் விடுங்கள். உராய்வு அழுத்தும் எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பையல்ல என்று 1699இலேயே பிரெஞ்சு விஞ்ஞானி அமான்டன்ஸ் சொல்லிவிட்டார்.

ஆனால் வளைவில் எதைப் பிடித்துத் திரும்புவான்? மேலிருந்து முதல் வளைவிலேயே தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் கிடப்பான். அந்தப் பாதையில் பஸ்ஸின் முன்சீட்டில் ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? உட்கார்ந்தவர் இப்படி எழுதமாட்டார்.

உராய்வு என்றாலே உங்களுக்குத் தடை. எனக்கு அது பிடிமானம். போன வாரம்தான் அம்மாப்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் அப்பாவின் தறிநாடாவை எடுத்துத் துடைத்தேன். தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. அது தீர்ந்தால் புதுப் பாவைப் பிணைக்க அம்மா உட்காருவாள். பழைய இழை நுனி, புது இழை நுனி, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு, ஒரு மடக்கு. ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுக்கும் முடிச்சு கிடையாது. முடிச்சு, இழைகள் நுழையும் சீப்பு போன்ற அச்சில் சிக்கும். தறி இழுக்கிற இழுப்புக்கு அந்த முறுக்கு தாங்கும்.

நூலே அப்படித்தான். பஞ்சின் ஓர் இழை ஒரு அங்குலமும் கொஞ்சமும்தான் இருக்கும். முறுக்கில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுதான் நூலாகிறது. உங்கள் ஆள் எதிரியின் வேட்டி நுனியைத் தொடட்டும்: சபை நடுவே நெசவும் போய், நூலும் போய், வெறும் பஞ்சாக உதிரும். எதிரி சேலம் வெண்பட்டு கட்டியிருந்தால்? பட்டுக்கூட்டின் இழை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். அது பஞ்சாகாது, நெசவு நழுவிக் காலடியில் இழையிழையாகக் குவியும். (மானம் எப்படியும் போகும்.) கையில் இதை வைத்துக்கொண்டு சறுக்குமரம் விளையாடுகிறீர்களே! அந்தச் சறுக்கல் காட்சியை வெட்டிவிட்டு எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.

நாடாவில் கொஞ்சம் நூல் மிச்சமிருந்தது. அறுத்து இரண்டு நுனியையும் அம்மா கையில் கொடுத்தேன். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. தடவிப் பார்த்துவிட்டு, “சாம்பல் இருக்கா கண்ணு?” என்றாள். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போக? சாமி படத்துக்குக் கீழே ஊதுபத்தி உதிர்த்தது கொஞ்சம் இருந்தது. அதில் விரலைத் தொட்டுக்கொண்டாள்.